மை லாய், 1968: அழுதுகொண்டே சுட்டவரும் ஹெலிகாப்டரை இறக்கியவரும்

கரிசல்காட்டான் எழுதியது:

1968 மார்ச் 16 அன்று காலை ஏழரை மணியளவில், வியட்நாமின் குவாங் ஙாய் மாகாணத்தில் உள்ள சோன் மி என்ற ஊரில் அமெரிக்கத் தரைப்படையின் சார்லி கம்பெனி வந்து இறங்கியது. எதிரியின் படைப்பிரிவு ஒன்று அங்கே தங்கியிருக்கிறது என்று முதல் நாள் மாலை அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. இறங்கிப் பார்த்தபோது இருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும்தான்; பலர் காலை உணவில் இருந்தார்கள். படையினரை நோக்கி யாரும் சுடவில்லை. ஆனாலும் நண்பகலுக்குள் அமெரிக்க ராணுவத்தின் கணக்குப்படி 347 பேரும், வியட்நாமியர் நினைவிடத்தில் பொறித்துள்ள கணக்குப்படி 504 பேரும் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரில் கைப்பற்றப்பட்ட ஆயுதங்கள் மூன்றே மூன்று. ஊரின் ஒரு பகுதியின் பெயரான மை லாய் என்பதே பின்னர் உலகத்தின் வாயில் நிலைத்தது.

இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. நான் கேட்க விரும்புவது அன்று அங்கிருந்த இரண்டு பேரைப் பற்றி.

முதலாமவர் பால் மெட்லோ என்ற இளம் சிப்பாய். கூட்டிச் சேர்க்கப்பட்ட ஊர்மக்களுக்குக் காவல் நிற்கும்படி லெப்டினன்ட் வில்லியம் கேல்லி அவரை நிறுத்திவிட்டுப் போனார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், இவர்கள் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தாமே சுடத் தொடங்கினார். மெட்லோவையும் சுடச் சொன்னார். மெட்லோ சுட்டார். சுடும்போது அவர் அழுதுகொண்டிருந்தார் என்று உடனிருந்தவர்கள் பின்னர் சாட்சி சொன்னார்கள். மறுநாள் கண்ணிவெடியில் அவருடைய பாதம் போயிற்று. 1969 நவம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, தாம் செய்ததை அவரே நாட்டுக்குச் சொன்னார்.

இரண்டாமவர் ஹியூ தாம்சன், வயது 24, சிறிய வேவு ஹெலிகாப்டர் ஒன்றின் விமானி. அவருடன் இருந்தவர்கள் இருவர்: கிளென் ஆண்ட்ரியோட்டா, வயது 20, லாரன்ஸ் கோல்பர்ன், வயது 18. காயம்பட்டுக் கிடந்த ஊர்மக்கள் அருகே பச்சைப் புகைக்குண்டை வீசி, மருத்துவ உதவி வரட்டும் என்று அடையாளமிட்டு நகர்ந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால், அடையாளமிடப்பட்டவர்கள் செத்துக் கிடந்தார்கள். தம் படையினரே கொல்கிறார்கள் என்பதை நம்ப தாம்சனுக்கும் நேரம் பிடித்தது என்பதைக் கவனியுங்கள். பிணங்கள் நிறைந்த ஒரு வாய்க்காலைக் கண்டதும் இறங்கிக் கேல்லியிடம் பேசினார், பயனில்லை. பிறகு சிலர் ஒரு பதுங்குகுழியை நோக்கி ஓடுவதையும், சிப்பாய்கள் அவர்களைத் துரத்துவதையும் மேலிருந்து கண்டவர், இரு தரப்புக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். இந்த மக்கள் மீது நம் ஆட்கள் சுட்டால் நீங்கள் நம் ஆட்களைச் சுடுங்கள் என்று தம் இருவரிடமும் சொல்லிவிட்டு, தாமே நடந்து போய்ப் பத்துப் பேர் அளவில் இருந்த அந்த மக்களை வெளியே அழைத்து வந்தார்.

இருவரும் ஒரே ராணுவம். ஏறத்தாழ ஒரே வயது. எது சரி, எது தவறு என்பது மெட்லோவுக்குத் தெரியவில்லை என்று சொல்லவே முடியாது. தெரியாதவன் எதற்காக அழுகிறான்? ஆகவே மனசாட்சி இருந்தவர், இல்லாதவர் என்று பிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. இருவரிடமும் அது இருந்தது. அப்படியானால் ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாமற்போனது எது?

---

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் ஒப்பிட்ட விதத்தில் ஒரு குறை இருக்கிறது. தாம்சன் சார்லி கம்பெனிக்காரர் அல்லர். கேல்லி அவருடைய அதிகாரியும் அல்லர். அவர் மறுத்த ஆணை அவருக்குக் கொடுக்கப்பட்டதே அல்ல. மேலே பறந்தவருக்கு முழு ஊரும் தெரிந்தது. கீழே நின்றவனுக்கு எதிரில் இருந்த குடிசையும் பக்கத்தில் நின்ற தோழனும்தான் தெரிந்தார்கள்.

காலாட்படையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வெளியில் இருப்பவர்கள் நாங்கள் ஆணைக்குப் பயப்படுகிறோம் என்று நினைக்கிறார்கள். ஆணைக்கு யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் பயம். பயம் என்றால் அவன் அடிப்பான் என்பதல்ல. நாளை நான் குண்டடி பட்டு விழுந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறவன் அவன். அவனுடைய கண்ணில் நான் ஒதுங்கியவனாகிவிட்டால், அந்தக் கம்பெனியில் எனக்கு வேறு கதியில்லை. ஒரே பாத்திரத்தில் சப்பாத்தி, ஒரே கூடாரத்தில் தூக்கம், லீவுக்குப் போனால் அவன் வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவது, இதெல்லாம் பாசத்தால் வந்தவைதான். ஆனால் அந்தப் பாசமே கயிறாகவும் இருக்கிறது. சார்லி கம்பெனிக்காரர்கள் அதற்கு முந்தைய வாரங்களில் கண்ணிவெடிகளில் தங்கள் ஆட்களை வரிசையாக இழந்திருந்தார்கள். மை லாய்க்கு முன்பு ஒரு சார்ஜென்ட்டுக்கு அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

இதைச் சொல்வது அவர்களைக் காப்பாற்றுவதற்காக அன்று. தாம்சனின் துணிச்சலை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து மெட்லோவை அளப்பது நியாயமான அளவு ஆகாது. கீழே நின்றவர்களில் மறுத்தவர்கள் யாராவது உண்டா? உண்டென்றால் அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

---

வழக்காடி எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இந்த இடத்தில் வைத்துவிடலாம், ஏனெனில் "ஆணையிட்டார்கள், செய்தான்" என்பது சட்டத்தின் கண்ணில் முழு விடையன்று.

இந்திய ராணுவச் சட்டம், 1950, பிரிவு 41 மேலதிகாரியின் ஆணையை மீறுவதைத் தண்டிக்கிறது. ஆனால் அங்கே "ஆணை" என்று மட்டும் இல்லை. "சட்டப்படியான ஆணை" என்றே இருக்கிறது. அந்த ஓர் அடைமொழிக்குள்தான் இந்த இழையின் சிக்கல் முழுவதும் ஒளிந்திருக்கிறது. 2024 ஜூலை வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 76-இல் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது: மேலதிகாரியின் உத்தரவின்படி, சட்டத்தின் கட்டளைக்கு இணங்கக் கூட்டத்தின் மீது சுடும் சிப்பாய் குற்றம் செய்தவன் ஆகான். இதிலும் "சட்டத்தின் கட்டளைக்கு இணங்க" என்ற சொற்கள் இருப்பதைக் காணலாம். உத்தரவு மட்டும் போதாது. ஆனால் நடைமுறையில் நிகழ்வது வேறு. அந்த நொடியில் எது சட்டப்படியானது என்று முடிவெடுக்க வேண்டியவன் சிப்பாய். அவன் எடுத்த முடிவு சரியா என்று மாதங்கள் கழித்து, விசிறிக்குக் கீழே அமர்ந்து சொல்வது நீதிமன்றம். தவறாக மறுத்தால் சிறை. தவறாகப் பணிந்தாலும் சிறை. சட்டம் அவனுக்கு வழி காட்டுகிறது என்பதைவிட, இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது என்று எச்சரிக்கிறது என்பதே பொருத்தம்.

கேல்லியின் வழக்கில் ராணுவ நீதிபதி கொடுத்த அளவுகோல், சாதாரண அறிவும் புரிதலும் உடைய ஒருவன் அந்தச் சூழ்நிலையில் இது சட்டவிரோதம் என்று உணர்ந்திருப்பானா என்பதாகும். 1971 மார்ச்சில் குறைந்தது 22 பேரைக் கொன்றதாக அவர் தண்டிக்கப்பட்டார், ஆயுள் தண்டனை. மூன்றே நாளில் குடியரசுத் தலைவர் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னார். அவர் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளே காவலில் இருந்தார். மை லாய்க்காகத் தண்டனை பெற்றவர் அவர் ஒருவரே.

இதற்கு முன்பே இன்னொரு தீர்ப்பு உண்டு. 1956 அக்டோபர் 29 அன்று இஸ்ரேலில் கஃபர் காசிம் என்ற அரபு ஊரில், ஊரடங்கு நேரம் திடீரென முன்கூட்டியே மாற்றப்பட்டது. அது தெரியாமல் வயலிலிருந்தும் வேலையிலிருந்தும் வீடு திரும்பிய ஏறத்தாழ 50 பேரை எல்லைக் காவல் படையினர் சுட்டுக் கொன்றனர். அவ்வழக்கில் நீதிபதி பெஞ்சமின் ஹலேவி, வெளிப்படையாகச் சட்டவிரோதமான ஆணையின் மீது ஒரு கறுப்புக் கொடி பறக்கும் என்றார். சட்டப் புத்தகம் படிக்காதவன் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும் என்பது அதன் கருத்து. தண்டிக்கப்பட்டவர்கள் எல்லாரும் சில ஆண்டுகளிலேயே வெளியே வந்துவிட்டார்கள் என்பது அந்த வழக்கின் அழகற்ற வால்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. அன்று மாலை அதே ஆணை பக்கத்து ஊர்களுக்கும் போயிருந்தது. அங்கே இருந்த அதிகாரிகள் ஏதோ ஒரு வழி செய்து, தாமதமாக வந்தவர்களை வீட்டுக்குப் போக விட்டார்கள். அவர்கள் யாரும் ஆணையைக் கிழித்து எறியவில்லை, முழக்கமிடவில்லை. கொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவே.

---

அகவல் எழுதியது:

நம் மரபு இந்தக் கேள்வியை அறியாததன்று. செஞ்சோற்றுக்கடன் என்ற ஒரே சொல்லில் அதைச் சுருக்கி வைத்திருக்கிறோம். அண்ணன் செய்தது தவறு என்று கும்பகருணனுக்குத் தெரியும். அவையில் அதைச் சொல்லவும் செய்தான். அதன் பிறகு அண்ணனுக்காகவே போர்க்களம் போய் மாண்டான். வீடணன் விலகிப் போனான். நம் மக்கள் யாருக்காகக் கண்ணீர் விட்டார்கள் என்று பாருங்கள். தெருக்கூத்தானாலும் பட்டிமன்றமானாலும் கைத்தட்டல் கும்பகருணனுக்கும் கர்ணனுக்கும்தான். வீடணன் பெயரையோ வசவாகப் பயன்படுத்துகிறோம். அறம் தெரிந்தும் விசுவாசத்துக்காகச் சாகிறவனை வீரன் என்று கொண்டாடுகிற ஒரு சமூகம், ஆணையை மறுக்கும் சிப்பாயை எப்படிப் புரிந்துகொள்ளும்?

---

கரிசல்காட்டான் எழுதியது:

அகவல், கும்பகருணன் எதிர்கொண்டது ஆயுதம் ஏந்திய படையை. வாய்க்காலில் நிறுத்தப்பட்ட கிழவிகளைச் சுட்டுத் தள்ளச் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று நாம் ஒருபோதும் கேட்டுப் பார்த்ததில்லை. சோற்றுக்கடன் தன் உயிரைக் கொடுத்துத் தீர்ப்பது. அடுத்தவனின் குழந்தையைக் கொடுத்துத் தீர்க்கும் கடனுக்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஹவில்தார் ஐயா கேட்டதற்கு வருகிறேன். கீழே நின்றவர்களில் மறுத்தவர்கள் இருந்தார்கள். ராபர்ட் மேப்பிள்ஸ், ஹாரி ஸ்டான்லி ஆகியோர் கேல்லியின் நேரடி ஆணையை மறுத்தார்கள். மைக்கேல் பெர்ன்ஹார்ட் சுடவே இல்லை. மறுத்ததற்காக இவர்களில் யாரையும் ராணுவம் தண்டிக்கவில்லை. இதைப் படித்தபோது முதலில் எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது: பார்த்தீர்களா, மறுக்க முடிந்திருக்கிறது! பிறகுதான் அந்த நிம்மதி கரைந்தது. மறுத்தவர்கள் மறுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் கண்ணெதிரேயே கொலை தொடர்ந்தது. அவர்கள் கை சுத்தமாக இருந்தது. செத்தவர்களின் எண்ணிக்கை அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

எனவே துப்பாக்கியைத் தாழ்த்துவது ஒரு படி; தடுப்பது இன்னொரு படி; நடந்ததை வெளியே சொல்வது மூன்றாவது. மூன்றுக்கும் வேண்டிய துணிச்சல் ஒன்றேயல்ல. மூன்றாவதைச் செய்தவர் அன்று அந்த ஊரிலேயே இல்லாத ஒருவர். ரான் ரைடனவர் என்ற சிப்பாய், சார்லி கம்பெனியிலிருந்த தம் நண்பர்கள் வாயிலாக இதைக் கேள்விப்பட்டார். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சரிபார்த்து, கடைசியாகப் பெர்ன்ஹார்டைத் தேடிப் பிடித்து உறுதி செய்துகொண்டு, நாடு திரும்பிய பின் 1969 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏறத்தாழ முப்பது பேருக்கும் ராணுவத் தலைமையகத்துக்கும் கடிதம் எழுதினார். கடிதத்தில் ஆவேசம் அதிகம் இல்லை; யார், எங்கே, எப்போது, யார் சொல்லிக் கேட்டது என்பதே நிறைந்திருந்தது. அதுவரை ஓராண்டு முழுவதும், அன்று நடந்தது ஒரு வெற்றிகரமான தாக்குதல் என்றே ராணுவத்தின் ஏடுகளில் இருந்தது.

---

கூடல்நகர்க்காரி எழுதியது:

எல்லாரும் மறுப்பவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் சற்றுக் கசப்பான பக்கத்தைப் பேசுகிறேன். அதற்கு வியட்நாம் வரை போக வேண்டியதில்லை.

1930 ஏப்ரலில் பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில், ஆயுதமற்ற பதான்களின் கூட்டத்தை எதிர்கொள்ளக் கார்வால் ரைஃபிள்ஸ் படையினர் அழைக்கப்பட்டார்கள். கூட்டத்தினர் முஸ்லிம்கள், சிப்பாய்கள் மலைநாட்டு இந்துக்கள். ஆள்வோரின் கணக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சந்திர சிங் கார்வாலி என்ற ஹவில்தார் மேஜரின் தலைமையில் அவர்கள் அந்த மக்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941-இல்தான் அவர் வெளியே வந்தார். இதுவரை வழக்கமான வீரக்கதை.

இனித்தான் கசப்பு. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டு, சட்டமறுப்பில் சிறை சென்றவர்கள் விடுதலையானபோது, ஆணையை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களும் காவலர்களும் அந்தப் பொதுமன்னிப்பிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டார்கள். பின்னர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர் இது குறித்துக் கேட்டபோது காந்தி, சுடும் ஆணையை மீறும் சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை மீறுகிறான் என்றும், நாளை ஆட்சி தம் கைக்கு வந்தால் இதே சிப்பாய்களை வைத்துத்தான் தாமும் நடத்த வேண்டியிருக்கும் என்பதால் கீழ்ப்படியாதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது என்றும் பதிலளித்தார். அகிம்சையின் வாயிலிருந்து இந்தப் பதிலா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. உறுத்தலோடு பணியாற்றுவதைவிட வேலையை விட்டு வெளியே வா, பிறகு எதிர்த்துப் போராடு என்பது அவர் கருத்தாக இருக்கலாம். ஆனால் கூட்டத்தின் முன்னால் துப்பாக்கியோடு நிற்பவனுக்கு ராஜினாமாக் கடிதம் எழுத நேரம் ஏது?

ஆனாலும் அந்தப் பதிலை முழுவதுமாகத் தள்ளிவிடவும் எனக்குத் துணிவில்லை. மனசாட்சி என்ற சொல்லை நாம் நல்லவர்களின் சொத்தாகவே வைத்துப் பேசுகிறோம். ஒரு கலவரத்தில் சிறுபான்மையினரின் தெருவைக் காக்க அனுப்பப்பட்ட காவலன், இவர்களைக் காப்பது என் மனசாட்சிக்கு ஒவ்வவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன சொல்வீர்கள்? தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்க்கும் தளபதிகள் எல்லாரும் நாட்டின் மீதுள்ள அக்கறையால் உள்ளம் பொறுக்காமல் செய்தோம் என்றுதான் சொல்கிறார்கள். பெஷாவரையும் மை லாயையும் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை என்னால் பார்க்க முடிகிறது: அங்கே மறுத்தவர்கள் கொல்ல மறுத்தார்கள், காக்க மறுக்கவில்லை. இந்தக் கோடு எல்லா இடத்திலும் தாங்குமா என்று வழக்காடி சொல்ல வேண்டும்.

---

வழக்காடி எழுதியது:

எல்லா இடத்திலும் தாங்காது, சகோதரி. ஆனால் பல இடங்களில் தாங்கும். ஜெர்மனி தன் பழைய அனுபவத்திலிருந்து கற்று, மனித மாண்பைக் குலைக்கும் ஆணைக்குச் சிப்பாய் பணிய வேண்டியதில்லை என்றும், குற்றமாகும் ஆணைக்குப் பணியவே கூடாது என்றும் தன் படைவீரர் சட்டத்தில் எழுதி வைத்தது. அங்கே ஃப்ளோரியன் பாஃப் என்ற மேஜர், தாம் பணிபுரிந்த கணினி மென்பொருள் ஈராக் போருக்கு உதவக்கூடும் என்று 2003-இல் அந்த வேலையை மறுத்தார். முதலில் பதவியைக் குறைத்தார்கள். 2005-இல் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. துப்பாக்கியே இல்லாமல், மேசையில் உட்கார்ந்து மறுத்தவர் அவர். இன்று பெரும்பாலான ஆணைகள் அப்படி மேசைக்குத்தான் வருகின்றன என்பதால் இதைச் சொல்கிறேன்.

---

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

மேப்பிள்ஸ், ஸ்டான்லி, பெர்ன்ஹார்ட் ஆகியோரைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, தம்பி. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். எழுதலாமா வேண்டாமா என்ற தயக்கம் இருந்தது. மை லாயின் பக்கத்தில் வைக்கத்தக்க செய்தியன்று, மிகச் சிறியது. ஆனாலும் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மலையூரில் சாலைப் பாதுகாப்புப் பணியில் இருந்தோம். விடியுமுன் போய்ச் சாலையோரம் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்து, பிறகு வண்டித்தொடர் போகும்வரை ஆங்காங்கே நிற்பது வேலை. ஒரு வளைவில் ஒரு வயதான கணவன் மனைவி டீக்கடை வைத்திருந்தார்கள். நான்கு கம்பு, ஒரு தகரம், ஒரு மரப்பெட்டி. குளிரில் நின்று விறைத்துப்போன எங்களுக்கு அந்தக் கிழவி காசு கேட்காமலேயே இரண்டாவது கிளாஸ் ஊற்றிய நாட்கள் உண்டு. அந்தச் சாலையில் ஒரு குண்டு வெடித்து எங்கள் ஆட்கள் இருவர் காயம் பட்டார்கள். மறுநாள் காலை வயர்லெஸ்ஸில் ஆணை வந்தது: வளைவில் இருக்கும் கடை இருக்கக்கூடாது. எடுத்துக்கொண்டு போக நேரம் கொடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. கடைக்காரருக்கும் குண்டுக்கும் தொடர்பு என்று யாரும் சொல்லவும் இல்லை.

நாங்கள் ஆறு பேர். தள்ளினோம். தகரம் பள்ளத்தில் உருண்டு போன சத்தம் நீண்ட நேரம் கேட்டது. கெட்டிலும் பிஸ்கட் போத்தலும் போயின. கிழவர் எதுவும் பேசவில்லை. கிழவி கீழே குனிந்து, உடையாமல் கிடந்த ஒரே ஒரு கிளாஸை எடுத்துச் சால்வையால் துடைத்தாள். துடைத்துவிட்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வைக்கத்தான் பெட்டி இல்லையே.

முகாமுக்குத் திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. மற்ற ஐவருக்கும் இது ஒன்றுமில்லை, எனக்கு மட்டும்தான் நெஞ்சு இளகியிருக்கிறது, பட்டாளத்துக்கு நான் தகுதியில்லாதவன் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, எங்களில் ஒருவருடைய மகள் திருமணம் திருவண்ணாமலைப் பக்கம் நடந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஆறு பேரில் இன்னொருவர், எந்தத் தொடர்பும் இல்லாமல், "அண்ணே, அந்த டீக்கடை ஞாபகம் இருக்கா?" என்றார். நான் தலையாட்டினேன். "அன்னைக்கு உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். நான் அப்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருவரும் மற்றவர் முகத்தில் ஒன்றும் காணவில்லை. காட்டக்கூடாது என்றுதானே அத்தனை ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள்.

மெட்லோ அழுததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தவன் ஒருவனாவது அவர் தோளில் கை வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதுதான் எனக்கு வந்த கேள்வி.

---

கரிசல்காட்டான் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்தபின் நான் முதலில் கேட்ட கேள்வியையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாமற்போன குணம் எது என்று கேட்டேன். அது ஒருவருக்குள் இருக்கும் பொருள்தானா என்றே இப்போது ஐயமாக இருக்கிறது.

சார்லி கம்பெனியில் மறுத்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே மறுத்தார்கள். ஒருவர் மறுத்தது இன்னொருவருக்கு அந்த வேளையில் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் மூன்று பேர். மூவர் காதிலும் ஒரே இன்டர்காமின் பேச்சு. பார்ப்பதை அவர்கள் பறந்துகொண்டே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாம்சன் கீழே இறங்குவதற்கு முன் தாம் செய்யப்போவதைச் சொல்லி, துணை நிற்பீர்களா என்று உறுதி கேட்டார், இருவரும் கொடுத்தார்கள். பெஷாவரிலும் அப்படித்தான்: ஒரு சிப்பாயன்று, ஓர் அணியே மறுத்தது. அவர்கள் தம் குடியிருப்பில் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

தாம்சனுக்குப் பின்னால் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். தளத்துக்குத் திரும்பியதும் அவர் கொதித்துப் போய் மேலதிகாரிகளிடம் முறையிட்டார். அதன் பிறகே கொலையை நிறுத்தும் ஆணை போயிற்று. அவருக்கு ஒரு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அதற்கான சான்றில், கடும் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே சிக்கிய குழந்தையைக் காப்பாற்றியதாக எழுதியிருந்தது. சண்டையே நடக்காத ஊரில் சண்டையை உண்டாக்கிய அந்தப் பதக்கத்தை அவர் தூக்கி எறிந்தார். உண்மையைச் சாட்சி சொன்னபோது, ஆயுதப் படைக் குழுவின் தலைவராக இருந்த மெண்டல் ரிவர்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், இந்த விவகாரத்தில் தண்டிக்கப்பட வேண்டியவர் தாம்சன் ஒருவரே என்ற வகையில் பேசினார். கொலை மிரட்டல்கள் தொலைபேசியில் வந்தன. வீட்டு வாசலில் செத்த விலங்குகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். 1998 மார்ச் 6 அன்று, முப்பது ஆண்டுகள் கழித்து, மூவருக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. தமக்கு மட்டும் என்றால் வேண்டாம், தம்முடன் இருந்த இருவருக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதே ஆண்டில் அவரும் கோல்பர்னும் மை லாய்க்குத் திரும்பிப் போனார்கள். உயிர் தப்பிய ஒரு பெண், சுட்டவர்களும் உங்களுடன் வந்திருக்கக் கூடாதா, நாங்கள் அவர்களை மன்னித்திருப்போமே என்றாராம். அந்த அளவுக்கு மன்னிக்கும் மனம் தமக்கு இல்லை என்று தாம்சன் பின்னர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். 2006 ஜனவரியில் காலமானார்.

மூவரில் ஆண்ட்ரியோட்டாவைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பிணங்கள் நிறைந்த அந்த வாய்க்காலில் ஏதோ அசைவதைக் கண்டு, இறங்கி, உடல்களுக்கு நடுவே கால் புதைய நடந்து போய், உயிரோடு இருந்த ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். சிறுவனை ஹெலிகாப்டரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 8 அன்று, ஆண்ட்ரியோட்டா போரில் இறந்துவிட்டார். விசாரணை எதிலும் அவர் பேசவில்லை, பேட்டி கொடுக்கவில்லை. ஏன் இறங்கினீர்கள் என்று அவரிடம் கேட்க யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

---

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்த மூவரில் பேச்சைத் தொடங்கியவர் தாம்சன். அவர்தான் வயதிலும் பதவியிலும் மூத்தவர். பெஷாவரில் தொடங்கியவர் ஹவில்தார் மேஜர். இளையவர்கள் மூத்தவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

டீக்கடையைத் தள்ளச் சொல்லி ஆணை வந்தபோது அதிகாரி யாரும் அங்கே இல்லை. வயர்லெஸ்ஸைக் காதில் வைத்திருந்தவன் நான். ஆறு பேரில் மூத்தவனும் நான்தான். முந்தைய பதிவில் இதை எழுதாமல் விட்டுவிட்டேன்.